காலையில் பழசு, மத்தியானம் புதுசு

காஞ்சிபுரம்,
5-11-1975

பம்பாயில் கம்ப்யூட்டர் மிஷினுக்குத் துணையாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, மணியம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். தென்னேரியில் நம் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வலது காலும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டதாகச் சொல்லவும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். குழாயடியில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். எங்க வீட்டுக்காரர் கை வைக்காமல் அந்த மிஷின் காலையில் கண்ணே திறக்காது என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது, செல்லியம்மாள் தன் மருமகன் ஜீப் ஓட்டுகிற பெருமையைக் குடம் நிறைந்து வழிகிற வரைக்கும் பேசிக்கினு இருந்தாள். இப்போது தெருவில் எல்லோரும் உங்களை ஆபீசர் என்கிறார்கள். இல்லை, அவர் தட்டு மாட்டுகிற ஆள் என்று நான் திருத்தவில்லை.

இப்படி நான் உங்களை உயரத்தில் ஏற்றி வைத்திருக்கும்போது, தை பிறந்தால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், தறியைத் துடைத்து வை என்று எழுதியிருக்கீங்க.

உங்க கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் சிரிங்க. அந்த மிஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. அப்பளக் கட்டு மாதிரி அடுக்கின தட்டுகளை மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டை மாட்டிக் கிளப்புறீங்களோ அந்தப் புத்தி அதுக்கு வரும். பழைய கட்டை மாட்டினால் பழைய வழியில் வேலை செய்யும். அதை நிறுத்திப் புதுக் கட்டை மாட்டித் திரும்பக் கிளப்பினால், முன்னே நடந்தது ஒன்றுமே தெரியாத மாதிரி புது வழியில் போகும். இதில் என்ன அதிசயம்? உங்க அக்கா பட்டம்மாளும் அப்படித்தான். காலையில் வந்தால் ஒரு புத்தி, சாயங்காலம் வந்தால் வேறே புத்தி. ஒரே உடம்பு.

கணக்கெல்லாம் புதுசுக்கு மாறுகிற வரைக்கும் ஒரே மிஷினில் காலையில் பழசு, மத்தியானம் புதுசு என்று ஓட்டப் போகிறார்களாம். இரண்டிலும் வேலை செய்யத் தெரிந்தவன் இருக்கலாம், பழசு மட்டும் தெரிந்தவன் தைக்கு மேல் வேண்டாம் என்று ஆபீசர் சொல்லிவிட்டாராம். உடனே நீங்க, நான் பழசு ஆள், புதுசில் எதை மாட்டணும் என்று மிஷினே காகிதத்தில் அடிக்குது, எனக்குக் கண் மங்குது என்று எழுதியிருக்கீங்க.

கண் மங்குதா? அறுந்த பட்டு இழையைத் தடவிப் பார்க்காமல் கண்ணாலேயே பிடித்த ஆள் நீங்க. போன தடவை வந்தபோது எதிர்வீட்டு மாடியில் காய்கிற வடகத்தில் காக்கா கொத்தினது எது என்று இங்கிருந்து சொன்னீங்க. கண்ணில் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது இங்கிலீஷ். பழைய முறையில் எந்தக் கட்டு எதுக்குப் பிறகு என்கிற வரிசை மாறாது, மனப்பாடமாக மாட்டிக்கினு இருந்தீங்க. புதுசு தினம் ஒன்றைக் கேட்குது. வாசிக்கத் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. என்னிடம் கூட வரவில்லை. சரி, நான் கேட்கவில்லை, நீங்க சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் தறியைத் துடைத்து வைக்கவில்லை. இந்த மழைக்குத் தாமல் ஏரி ரொம்பி வழியுது என்கிறார்கள், நம் தறிக்குழியிலும் தண்ணீர் ஊறிவிட்டது. இறைக்க ஆள் கூப்பிடப் போனவள், வழியில் மனசு மாறி, வண்டிக்கார ராஜவேலுவிடம் மண் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். குழியை மூடியாகிவிட்டது. தறியைப் பிரித்துப் பரணில் கட்டியாகிவிட்டது. உங்க அக்கா ஓடி வந்து, எந்தம்பி உசிரோட இருக்கும்போதே குழியை மூடறியேடி, நீயெல்லாம் பொம்பளையா என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். உசிரோட இருக்கணும்னுதான் மூடறேன் அண்ணி, வேணும்னா நீங்களும் ஒரு கூடை போடுங்க என்றேன். போடவில்லை. ஆனால் காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

அந்தக் குழியில் கால் மரத்துப்போய், எழுந்திருக்க முடியாமல், நானும் ராஜவேலுவும் உங்களைத் தூக்கி வெளியே விட்டது உங்களுக்கு மறந்திருக்கும். இனிமேல் குழியில் கால் விட்டால் அந்தக் கால் உங்களுடையது இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீங்க சுவரைப் பார்த்துக்கினு இருந்தீங்க. நான் டாக்டரைப் பார்த்துக்கினு இருந்தேன். அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்குது.

ஆகையால் இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக்கொள்வதுதான் வழி. எண் உங்களுக்குத் தெரியும். கட்டுகளின் மேல் எண்ணோடு ஒட்டியிருக்கிற எழுத்துத்தான் தெரியாது. நான் மூன்றாவதோடு நின்றவள், எனக்கும் தெரியாது. தெருவில் யாரையாவது கேட்டால் ஆபீசர் கதை கெட்டுப்போகும். நான் பட்டு இழைத்துக் கொடுக்கிற நமச்சிவாய முதலாளி, காந்தி ரோடு கடைக்குப் புதுசாகக் கண்ணாடிக் கதவு போட்டு, வெள்ளைக்காரர்களுக்காக அதில் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார். நூலை எடை போடுகிற வரைக்கும் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்து அப்படியே வரைந்துக்கினு வந்தேன். கணக்குப்பிள்ளை சாமுவேலிடம், இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்டேன். கடை வாங்கப் போறியாம்மா என்றார். விலை சொல்லுங்க என்றேன்.

கீழே வரைந்திருக்கிறேன். எச் என்பது இரண்டு தறிக்கால் நட்டு நடுவில் ஒரு கட்டை. கே என்பது நட்ட கம்பு, இடது பக்கம் மேலே ஒரு கை, கீழே ஒரு கால். எல் என்பது நின்றபடி இடது காலை நீட்டினவன். ஈ என்பது சீப்பு, பல்லெல்லாம் இடது பக்கம். இவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நில்லுங்க. ஓடி வராதீங்க. காமாட்சி உங்க பக்கம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
குழியை மூடின மணியம்மாள்


காஞ்சிபுரம்,
3-12-1975

என் மேல் கோபமாக இருந்தாலும் கடுதாசி போட்ட வீட்டுக்காரருக்கு, மணியம்மாள் வணக்கம். மழை நின்றுவிட்டது. நம் பெண் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள். உங்கள் கடுதாசி கிடைத்தது.

முதல் பக்கம் முழுக்கத் திட்டு. குழியை மூட யாரடி உனக்கு அதிகாரம் கொடுத்தது என்று கேட்டிருக்கீங்க. மண் கொண்டு வந்தவரே அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். என் காகிதத்தை வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்றீங்களாம். எச் தவிர ஒரு எழுத்தும் சேரவில்லையாம். மிஷின்தான் தப்பாக அடிக்குது என்று நினைத்தீங்களாம். பெண்டாட்டி மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

கடைசியில் வேறே வழி இல்லாமல், மிஷினுக்கு டைப் அடிக்கிற அந்தோணியிடம் காகிதத்தைக் காட்டினீங்களாம். அவர் வாங்கிப் பார்த்து, திருப்பிப் பிடித்து, பின்பக்கமாக டியூப் லைட்டில் காட்டினாராம். எல்லா எழுத்தும் சரியாகிவிட்டதாம். உங்க வீட்டில் யாரோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து படிச்சிருக்காங்க என்று நாற்காலியைப் பிடித்துக்கினு சிரித்தாராம். நான் உடனே காந்தி ரோட்டுக்கு ஓடி, கடைக்கு வெளியே நின்று பார்த்தேன். கேயும் எல்லும் ஈயும் வலது பக்கம் திரும்பி நின்று என்னைப் பார்த்தன. சாமுவேல் உள்ளே இருந்து, இன்னும் விலை படியலையாம்மா என்றார்.

பரவாயில்லை. என் எழுத்து நேராக இருந்திருந்தால் நீங்க யாரையும் கேட்டிருக்க மாட்டீங்க. எனக்குப் படிக்க வராது அந்தோணி என்று நீங்க சொன்னதையும், அட இதை முதல்லயே சொல்லக்கூடாதா, காகிதத்தைப் பார்க்க மாட்டேங்கிறியே, கர்வம் புடிச்ச ஆளுன்னு இல்ல நினைச்சேன் என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்த இடத்தில் மையே கலைந்திருந்தது. தண்ணீர் பட்டிருக்கும். பம்பாயிலும் மழையா?

இப்போது காலையில் பழைய கட்டை மாட்டிக் கிளப்பி, சாப்பாட்டுக்கு அப்புறம் அதைக் கழற்றிப் புதுசு மாட்டி, காகிதத்தை நீங்களே வாசித்து எடுத்துக் கொடுக்கிறீங்க என்று கேட்க மனசு நிறைந்தது. அவசரத்தில் பழசு ஓடும்போது புதுசை எடுத்துக்கினு போகாதீங்க. ஆபீசர் பார்த்துக்கினே நின்றார், மறுநாள் தைக்கு மேலேயும் நீ இரு என்றார் என்று எழுதியிருக்கீங்க. அந்த வரியை மட்டும் பட்டம்மாள் அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் அப்பவே சொல்லலே, எந்தம்பி கெட்டிக்காரன்னு என்கிறாள். எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

குழி இருந்த இடத்தில் உட்கார்ந்துதான் இப்போது பட்டு இழைக்கிறேன். மண் இன்னும் இறுகவில்லை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் அமுங்குது, பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்குது. வேறே ஒன்றும் இல்லை, மண்தான்.

வைகாசி கருட சேவைக்கு லீவு போட்டு வாங்க. லீவு போட்டுத்தான் வரணும். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் அங்கேயே வாங்கி, வந்ததும் என் கையில் கொடுத்துவிடுங்க. என்னிடம் அது இல்லாவிட்டால் உங்களை ரயிலேற்றுவேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்குது. எல்லாத் தெய்வமும் உங்களையும் உங்கள் காலையும் காப்பாற்றட்டும். அந்தோணிக்கு என் நன்றி சொல்லவும்.

இப்படிக்கு,
மணியம்மாள்

கடுதாசி மடிப்பில் இன்னும் இடம் இருக்குது, அதனால் இதையும் எழுதுகிறேன். உங்கள் உத்தியோகம் நிலைத்ததற்காக வெள்ளிக்கிழமை கச்சபேஸ்வரர் கோயிலில் உங்கள் பேரில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். குருக்கள் பேர் கேட்டார். உங்கள் பேரை நான் எந்த வாயால் சொல்வேன்? நீ சொல் என்று கூட வந்த பக்கத்து வீட்டு அலமுவுக்குக் கண் ஜாடை காட்டினேன். அவள் பழக்கத்தில் தன் பிள்ளை கோதண்டபாணி பேரைச் சொல்லிவிட்டாள். குருக்கள் ஆரம்பித்துவிட்டார். நடுவில் நிறுத்தக்கூடாதாம். அர்ச்சனை முழுவதும் கோதண்டபாணிக்கு நல்லபடியாக நடந்து முடிந்தது. அவன் நாலாவது படிக்கிறான். தேங்காய் மூடியை என்னிடம் கொடுத்தார்கள்.