நான் துப்பிய எண்ணெய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே என் இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்குகிறது, நெற்றியில் தையல், வாய்க்குள் அடுப்பு எரிகிறது, மற்றபடி சுகம்தான். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். கொஞ்சம் அதிகம் பேசினால் நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரை பற்றிக்கொள்கிறது, அது ஒன்று. போனில் என்னை முழுதாகச் சொல்லவிடாமல் நீ குறுக்கே பாய்வாய், அது இன்னொன்று. கடிதத்தின் குறுக்கே பாய முடியாது. கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுக் கிழி.

நம் கடைக்கு எண்ணெய் போடுகிற ஆலைக்காரரோடு நடந்த அடிதடியை உன் மாமா உன்னிடம் எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் உட்கார்ந்துதானே பேசினான். கலப்பட எண்ணெய் கொண்டுவந்தான், கேட்டதற்கு அக்கா கையை உடைத்தான், நான் அவன் தாடையை உடைத்தேன் என்றான். ஏதோ கொடுக்கல் வாங்கல் தீர்ந்த மாதிரி. அதற்கு நீ சொன்ன பதில் ஸ்பீக்கரில் வார்டு முழுக்கக் கேட்டது. "எழுந்து நடந்தான்னா மறுபடி படுக்க வை மாமா, கேஸ் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றாய். என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நீ கோபத்தில் சொன்னதை அவன் உத்தரவாக எடுத்துக்கொண்டான். டின் குத்துகிற கம்பியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் எந்த ஆஸ்பத்திரியில், எந்த மாடியில் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

காலையில் ஆலைகளிலிருந்து டின்கள் வந்து இறங்கினால் சந்தையில் எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கம்பியை உள்ளே விட்டு எடுத்து, புறங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்குவேன். கையைத் துணியில் துடைத்தால் எண்ணெய் சுத்தம், மற்ற கடைக்காரர்களும் வாங்குவார்கள். துப்பினால் அந்த லோடு வந்த வழியே போகும். ஒற்றை டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அளந்து விற்றவளுக்கு இத்தனை பெரிய கடையைக் கொடுத்தது இந்த நாக்குதான். இந்த வருடம் என் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகா, கொஞ்சம் முன்னாலேயா, சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை, வாய் எரிய ஆரம்பித்தது. டீயை ஊதாமல் குடித்துவிட்டால் நாக்கு எப்படி இருக்கும், அது ஆறவே ஆறாமல் நாள் முழுக்க இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. கூடவே துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல ஒரு கசப்பு. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் புண்ணும் இல்லை, கொப்புளமும் இல்லை. மாத்திரைதான் காரணமோ என்று நானாக அதைப் பாதியாக உடைத்துப் போட்டுப் பார்த்தேன், சரக்கு எப்படி என்று சாம்பிள் பார்ப்பது மாதிரி. யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்கை வைத்துப் பிழைக்கிறவள் நாக்கு சரியில்லை என்று சந்தையில் சொல்வாளா.

நம் கடைக்கு வருவதில் முக்கால்வாசி ஆலைக்காரர் எண்ணெய். அதனால் கசந்ததில் முக்கால்வாசியும் அவருடையதுதான். முதல் முறை ஓசையில்லாமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை எல்லார் முன்னாலும் துப்பினேன், மட்டமான எண்ணெய் கலந்திருக்கிறது என்றேன். அவர் முதலில் சிரித்தார். "பல்லு விளக்கிட்டு வந்து இன்னொரு தடவை நக்கிப் பாரும்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டின்னைக் காலால் எட்டி உதைத்துக் கவிழ்த்தேன். "என் எண்ணெயில விஷம் இல்ல, உன் வாயிலதான் இருக்கு" என்றார். எண்ணெய்க் கையோடு ஓங்கிக் கன்னத்தில் அறைந்தேன். முதல் அடி என்னுடையது, அதை உன் மாமா உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவர் கம்பியைப் பிடுங்கி, கடை வாசலில் அடுக்கியிருந்த டின்களை ஒவ்வொன்றாகக் குத்தினார். ஆளைக் குத்துகிற வெறியோடு குத்தினார், எண்ணெய் பீய்ச்சி அடித்தது. நான் சட்டையைப் பிடித்தேன், உதறித் தள்ளினார், வழுக்கிக் கைமேல் விழுந்தேன். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது, என் கை என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குள் உன் மாமா இரும்பு எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தரை முழுக்க எண்ணெய். அடிப்பவனாலும் நிற்க முடியவில்லை, அடி வாங்குபவராலும் ஓட முடியவில்லை. விலக்க வந்தவர்கள் வரிசையாக மல்லாந்தார்கள். வேறு யார் கடை வாசலில் நடந்திருந்தாலும் நானே சிரித்திருப்பேன். மூன்றாவது வீச்சில் எடைக்கல் தாடையில் விழுந்தது. கீழ்வரிசைப் பல் இரண்டு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றன. இரத்தம் எண்ணெயோடு சேராமல் உருண்டை உருண்டையாக ஓடியது. அப்போதும் என் மனதில் இருந்தது என்ன தெரியுமா, நன்றாக வேண்டும் இவனுக்கு என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள், கசந்தது. துருப்பிடித்த தொட்டித் தண்ணீரையா நோயாளிக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஆயாவோடு சண்டைக்குப் போனேன். பக்கத்துக் கட்டில்காரி அதே கூஜாவிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன வந்தது" என்றாள். எனக்குக் கை வலி மறந்து போயிற்று. உன் மாமாவை அனுப்பி, குத்துப்படாமல் தப்பிய ஆலைக்காரரின் டின் ஒன்றிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துவரச் சொல்லி, நக்கிப் பார் என்றேன். என் பக்கத்தில் நின்று பழகிய நாக்கு அவனுக்கும் உண்டு. கெட்டது என்று சொல்ல எவ்வளவோ ஆசை, முகத்தைக் கோணலாக்கிக்கொண்டுதான் நக்கினான். மறுபடி நக்கினான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குக்கா" என்றான்.

தைராய்டு பார்க்கிற டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இன்னதால்தான் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது என்றார். தைராய்டு கோளாறிலேயே சிலருக்கு வாய் எரியும், ருசி மாறும், சிலருக்கு மாத்திரை அளவு மாறிய பிறகு வருகிறது, இரும்புச்சத்தும் பி12-ம் குறைந்தாலும் வரும், என் வயதுப் பெண்களுக்குக் காரணமே இல்லாமலும் வரும், ஒவ்வொன்றாகத்தான் பார்க்கவேண்டும் என்றார். பாதியாக உடைத்ததைச் சொன்னதும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கியதற்குத் தனியாக ஒரு திட்டு. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டும் தாறுமாறு, இரும்புச்சத்தும் குறைவு. சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

உன் மாமா என் காதில் வந்து சொன்னான், வெளியே சொல்லாதே அக்கா, எண்ணெய் கெட்டதென்றால் நான் நியாயத்துக்கு அடித்தவன், நல்லதென்றால் உள்ளே போவேன், உன் நாக்கு போனது தெரிந்தால் கடையும் போகும் என்று. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, நானே அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் நான் துப்பியதிலிருந்து ஆலைக்காரரிடம் ஒரு கடைக்காரரும் ஒரு டின் வாங்கவில்லை. ஆலையில் செக்கு ஓடவில்லை. போதாததற்கு உன் மாமாவின் பைக்குள் கம்பி, அவன் காதில் உன் பேச்சு. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலையில் சந்தைக்குப் போனேன். எல்லாரும் பார்க்க, குத்துப்படாமல் தப்பிய அந்த டின்னைத் திறந்து, புறங்கையில் இல்லை, ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் ஊற்றினேன். நெருப்பை ஊற்றின மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பவில்லை, விழுங்கினேன். இது சுத்தமான எண்ணெய், கெட்டது என் நாக்கு என்றேன். உன் மாமா எடைக்கல்லைத் தூக்கினான், என் தலைக்குத்தான் என்று நினைத்தேன், கடைக் கண்ணாடியில் வீசினான். "நாக்கோட சேத்து என்னையும் துப்பிட்டியேக்கா" என்றான். மத்தியானம் போலீஸ் வந்து கூட்டிப்போனார்கள். கம்பி இருந்த அந்தப் பையை நானே அவர்கள் கையில் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட ஆலைக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி என்னைக் கண்டதும் எவர்சில்வர் கூஜாவை வீசினார், நெற்றித் தையல் அதனால் வந்தது, நகராமல் வாங்கிக்கொண்டேன். அவருக்கு மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறது, குழாயில் கஞ்சி உறிஞ்சுகிறார். நாக்கை நீட்டு என்று சைகை காட்டினார். நீட்டினேன். டின்னுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார், அதில்தான் பார்க்க ஒன்றும் இல்லையே. அப்புறம் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. சிரித்தால் தாடை வலிக்கிறது, கட்டிலில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டே சிரித்தார், அழுதார். மன்னித்தார் என்று எழுதமாட்டேன். உன் மாமா எப்போது வெளியே வருவான் என்பது அவர் போலீஸில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது, அதை இன்னும் சொல்லவில்லை.

என் கடைவாசலில் காலையில் இப்போது யாரும் நிற்பதில்லை. மூக்கு இருக்கிறது, விரல் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். நீயும் அதே மாத்திரை சாப்பிடுகிறவள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடு, நீயாகக் கூட்டாதே, குறைக்காதே, நிறுத்தாதே. வாய் எரிந்தால் டாக்டரிடம் போ, பக்கத்தில் இருப்பவன் சட்டையைப் பிடிக்காதே, மாப்பிள்ளை பாவம். லீவு போட்டுக் கிளம்பி வருகிறேன் என்றாயாம், வந்து கத்துவதற்கென்றால் அங்கேயே இரு. நீ செய்யவேண்டியது ஒன்றுதான். ஆலைக்காரர் வீட்டுக்குப் போன் செய். அவர் மனைவி எடுத்துத் திட்டுவார், முழுதாக வாங்கிக்கொள். பிறகு போனை அவர் காதில் வைக்கச் சொல்லி, நீ உன் மாமாவிடம் என்ன சொன்னாயோ அதைச் சொல்லி, தப்பு என்றும் சொல். அவரால் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்ல முடியாது, ஆனாலும் அவர் தொண்டையிலிருந்து ஒரு 'ம்' வருகிறவரை நீ போனை வைக்காதே.

பிள்ளைக்கு என் முத்தம். கோபம் குறைந்து, ஆயுள் கூடி, நல்ல பசியோடும் நல்ல ருசியோடும் நீங்கள் மூவரும் நெடுநாள் இருக்கவேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போய்வா.

எரிகிற வாயோடு,
உன் அம்மா