கையில் கட்டாத வெள்ளைத் துணி

சட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்த வெள்ளைத் துணி மேலேயே கிடந்தது. நாலு விரல் அகலம், ஒரு முழ நீளம். உன் அம்மா மஞ்சள் தடவி அனுப்பிய மூலை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. என் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள் இல்லை இது.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்பாய். ஏசுவைக் கும்பிடும் பாளையங்கோட்டை வேதக்காரனுக்கு எதையாவது எழுதிவைக்காவிட்டால் சோறு இறங்காது என்று கேலி செய்தவன்தானே நீ. ஆமாம், இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டாளத்தில் அடிபட்டவர்களை டோலியில் தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஓடிவந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனவன் நீ. பாரசீகம் தாண்டி, ரஷ்ய எல்லை மலைவரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு புல் முளைக்காத மலை. தோல்பையில் வரும் தண்ணீரை வாயில் ஊற்றிவிட்டு, "ஏலே, ஆத்துத் தண்ணி குடிச்ச வாயிலே இதையும் ஊத்தணும்னு இருக்கு பாரு" என்று தினமும் புலம்பினாய்.

யாருக்கும் யாருக்கும் சண்டை என்று நமக்குச் சரியாகத் தெரியாது. ரஷ்யாவில் ராஜாவை இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர்களுக்குள்ளேயே சிவப்பு, வெள்ளை என்று இரண்டு கட்சியாகிச் சுட்டுக்கொள்கிறார்கள். நம் துரைமார் வெள்ளைக் கட்சிக்குத் துணை. இவ்வளவுதான் தெரியும். "சிவப்பு இருக்கு, வெள்ளை இருக்கு. பச்சையை எங்கலே காணோம்? திருச்செந்தூர்லயே விட்டுட்டு வந்துட்டானுவளா?" என்று நீ கேட்டாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெறும் பெயர் என்றுதான் இருவருமே நினைத்தோம். கையில் துணி கட்டித்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள் என்று டோலி தூக்குகிறவனிடம் யார் சொன்னார்கள்?

திருச்செந்தூர் முருகனுக்கு ஆவணித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் நாள் சிவப்பு சாத்தி, எட்டாம் நாள் விடிந்தால் வெள்ளை சாத்தி, உச்சிப்பொழுதுக்குப் பச்சை சாத்தி. சாமிக்கு எந்த நிறமோ அந்த நிறத் துணியை அந்த நாளில் கையில் கட்டிக்கொள்வது உன் வீட்டு வழக்கம். மூன்று துணியையும் உன் அம்மா மடித்து அனுப்பியிருந்தாள். புதன்கிழமை கொடியேற்றம் என்று கடிதமும் இருந்தது. "நீதான் ஞாயித்துக்கிழமை தப்பாம செபம் பண்ணுதவன். உன் கணக்கு பிசகாது. ஏழாம் நாள் என்னைக்குன்னு எண்ணிச் சொல்லுலே" என்றாய்.

எனக்கு அதில் பெருமை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. கொடியேறிய மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பிக் கிடந்தேன். எழுந்ததும், எத்தனை நாள் கிடந்தேன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு நாள்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அன்று விடியும்போதே வெடிச்சத்தம். "இன்னைக்குத்தான ஏழு?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஒற்றைக் கையால் உனக்கு முடிச்சுப் போட வரவில்லை. நான்தான் உன் கையில் சிவப்பைக் கட்டினேன்.

இரண்டு மேடு, நடுவே பள்ளம். இந்த மேட்டிலும் அந்த மேட்டிலும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தாடி, ஒரே பாஷையில் வசவு. நாலு பேரைத் தூக்கிவந்து சேர்த்தோம். ஐந்தாவது ஆள் பாறை இடுக்கில் கிடந்தான். அவன் கையிலும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதுகூட என் மண்டைக்கு எட்டவில்லையே! நீ குனிந்து அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாய். "பைய தூக்குலே, கால் போயிருக்கு" என்றாய். குண்டு நமக்குப் பின்னாலிருந்து, நம் கட்சியார் இருந்த மேட்டிலிருந்து வந்தது. அவன்மேலேயே விழுந்தாய்.

சுட்டவன் இறங்கிவந்தான். நரைத்த தாடிக்காரன். உன்னைப் புரட்டி, முகத்தைப் பார்த்து, கைத்துணியைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான். காலிழந்து கிடந்தவன் அவனைப் பெயர் சொல்லித் திட்டினான். இவனும் அவன் பெயரைச் சொல்லித் திட்டினான். ஒரே ஊர்க்காரர்கள் போல. இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை. உன்னை எரிக்க அந்த மலையில் ஒரு சுள்ளிகூட இல்லை. கல்லடுக்கித்தான் மூடினேன், சிவப்பு கையிலிருக்க. என் வாய்க்கு ஏசுவின் செபம்தான் வரும். இருந்தாலும் உனக்காக மூன்று தடவை முருகா என்று கூப்பிட்டேன்.

அன்று மாலை பட்டாளத்துக் குமாஸ்தா செத்தவர் பட்டியலில் உன் பெயரை எழுதி, புதன்கிழமை என்று போட்டான். செவ்வாய் என்றேன். "புதன்தான்" என்று என்னை முறைத்தான். புதன் என்றால் எட்டாம் நாள். நீ வெள்ளை கட்டியிருக்க வேண்டிய நாள். வெள்ளை உன் மடியில்தான் இருந்தது; மூடும்போது நான்தான் எடுத்துவைத்தேன்.

ஊருக்கு வந்து உன் அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கோழை. போன வாரம் அவளே என்னைத் தேடிவந்தாள். கண் மங்கிவிட்டது, பாவம். "எய்யா, கொடி ஏறப்போவுது. ஏழாம் நாள் என்னைக்குன்னு நீ எண்ணிச் சொல்லணும். அவன் உன்னை நம்பித்தான இருந்தான்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. காய்ச்சல் உனக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வெள்ளை அவன்கிட்ட இருந்துச்சா?"

"மடியில இருந்துச்சும்மா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "இந்த வருசமாவது சரியா எண்ணுலே" என்றாள்.

நேற்றுக் கொடி ஏறியது. இன்று இரண்டாம் நாள். மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன்.