நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை

நவம்பர் 3, திங்கள்

மழை வரவில்லை, புழுக்கம். மைக்கை அமுக்கிப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று பேத்தி காட்டிக்கொடுத்தாள். எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. நல்லதுதான்.

நேற்று நடந்தது. என் பொண்டாட்டி சரோஜா நெஞ்சை அடைக்கிறது என்றாள். அப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். என் நெஞ்சுவலி மாத்திரை ஒன்றை எடுத்து அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன். எனக்குக் கேட்கிறதே, அவளுக்கும் கேட்கும் என்று. கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டு வாசலில் சுருண்டு விழுந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மகன் வந்து கேட்டதற்கு, "சாப்பிடாம இருந்தா, அதான் விழுந்துட்டா" என்றேன்.

இன்று தி.நகர் மருந்துக்கடை. வழக்கம்போலக் காலி அட்டைகளைக் காட்டினேன். என்னுடையது ஒன்று, அவளுடையது இரண்டு. அவளுடைய அட்டையைப் பார்த்து கடைக்காரன், "இன்னா தாத்தா, இந்த வயசுலயும் ஸ்டெடியா கீறியே!" என்றான். எல்லோரும் சிரிப்பு. ஆண்மைக்குச் சாப்பிடுகிற மாத்திரையும் அதுதானாம்.

"வாயை மூடுடா. என் பொண்டாட்டிக்கு நுரையீரல்ல பிரஷர். அதுக்கு."

உள்ளே மருந்து எடுத்துக்கொடுக்கும் அம்மா சிரிக்கவில்லை. என் அட்டையையும் சரோஜாவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் ஒரே ஆளு சாப்பிடலியே? சேர்ந்தா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிடும். உயிருக்கே ஆபத்து."

இல்லைம்மா என்றேன். பஸ் ஏறினேனா, நடந்தேனா, தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். சரோஜா ரசம் வைத்தாள். இரண்டு தடவை அவளுக்கு மூச்சு வருகிறதா என்று எட்டிப்பார்த்தேன். "இன்னாயா முறைக்கிறே?" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் என் டாக்டர் சொன்னது வரிசையாக ஞாபகம் இருக்கிறது. வலி வந்தால் உட்கார். நாக்குக்கு அடியில் வை. விழுங்காதே. அப்புறம் ஒன்று: "இது உங்களுக்கு மட்டும்தான், வேற யாருக்கும் தரக்கூடாது." சொன்னார். அதுவும் சொன்னார்.

சாயங்காலம் மகன்: "நைனா, வியாழக்கிழமை டாக்டராண்ட சொல்லி அம்மா மாத்திரைய நிறுத்தச் சொல்லணும். ஒரு வேளை சாப்பிடாததுக்கா விழும்? அந்த மாத்திரைதான் ஆளைச் சாச்சிடுச்சி."

அந்த மாத்திரைக்கு முன்னால் எங்கள் ஒரு மாடி ஏற நாலு இடத்தில் உட்காருவாள். இப்போது ஒரே ஏற்றம். நிறுத்தினால்?



நவம்பர் 5, புதன்

சொன்னால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது. சொல்லாவிட்டால் அவள் மாத்திரை போகும்.

நவம்பர் 6, வியாழன்

நல்ல மழை. ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். மகன் சொல்லச் சொல்ல அவள் மருந்துச் சீட்டை இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"அந்த மாத்திரைய அடிச்சிடாதம்மா" என்றேன். "நான்தான் என் மாத்திரைய குடுத்தேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சரோஜாவைப் படுக்கவைத்து இசிஜி எடுத்தார்கள். பழுது இல்லை. பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "ஐயா, நம்ம ரத்தக்குழாய்ல ஒரு வாயு ஊறுது. நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. அதுதான் குழாயை விரிய வெக்குது. உங்க மாத்திரை அந்த வாயுவைக் கொண்டுவரும். அம்மா மாத்திரை அது செஞ்ச வேலையை அடங்க விடாது. தனித்தனியா ரெண்டும் நல்லது. சேர்ந்தா உடம்பு முழுக்கக் குழாய் விரிஞ்சிடும். மூளைக்கு ரத்தம் ஏறாது. அதான் விழுந்தாங்க."

நைட்ரிக் ஆக்சைடு. மறக்காது.

டாக்டர் சரோஜாவின் மாத்திரையை நிறுத்தவில்லை. இனி சரோஜாவுக்கு நெஞ்சை அடைத்தால் நேராக ஆஸ்பத்திரிதான், என் மாத்திரையைத் தொடக்கூடாது என்றாள்.

ஆட்டோவில் மகன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நந்தனம் சிக்னலில் சரோஜா என் பக்கம் திரும்பினாள். "குடுக்க மட்டும் தெரிஞ்சிச்சா? நாலு நாளா வாயில இன்னாயா வெச்சிருந்தே?"



சைதாப்பேட்டை. மாடிப்படி. நான் பின்னால். நிற்காமல் ஏறினாள். வீட்டுக்குள் போனதும் கையை நீட்டினாள். என் அட்டையைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வலிச்சா கூப்பிடு. நான் வெக்கிறேன்."