புத்தகப் பெயர் இல்லாத தாள்

லட்லோ, ஷ்ராப்ஷயர்
6 அக்டோபர் 1891

என் அன்பு மகன் எட்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் பூனையும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தில் நீயும் உன் ஆட்டு மந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி ஜெபம். நீ ஜூனில் போட்ட கடிதம் ஆகஸ்டில் வந்தது. "இங்க எல்லாமே புதுசா இருக்கும்மா, நீங்களாவது மாறாம இருங்க, வீடும் அப்பா நாற்காலியும் நான் விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கணும்" என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன், ஒரு தடவை அழுதேன். உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்திருக்கிறேன்.

பெரிய அகராதிக்காக நான் வீட்டிலிருந்து செய்யும் வேலை உனக்குத் தெரியும். நாடெங்கும் இருப்பவர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தை அரைத் தாளில் எழுதி, ஆண்டு, ஆசிரியர், புத்தகம், பக்கம் எல்லாம் குறித்து அனுப்புவார்கள், நான் அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். இந்தக் கோடையில் எனக்கு வந்தது 'கான்ஸ்டன்ட்', மாறாமல் இருப்பதைச் சொல்லும் சொல். தொள்ளாயிரம் தாள்கள், சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பிவிட்டு மூன்று வாரம் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மதியத்துக்கு மேல் டீம் ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து அறையெல்லாம் பால் நிறமாகிவிடும், விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது. ஒன்று கவனித்தேன் எட்வின். ஐந்நூறு வருஷம் முந்தைய தாள்களில் இந்தச் சொல் மனிதரை மட்டும்தான் குறிக்கிறது, சித்திரவதையிலும் பேச்சை மாற்றாதவன், கொடுத்த வாக்கை விடாதவள் என்று. பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த சொல், அங்கே பிரித்துப் பார்த்தால் 'சேர்ந்து நிற்பது' என்று வருகிறது. நெடுங்காலம் கழித்துத்தான் காற்று, விலை, இரைச்சல் என்று உயிரில்லாதவற்றுக்குப் போகிறது, கணக்கு வாத்தியார்கள் அதை ஓர் எண்ணுக்குப் பெயராக வைத்தது நேற்று நடந்தது போலத்தான். ஒரு நாள் அந்தத் தாள்கள் மேலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றித் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள், அந்தச் சின்ன அறையில் இடம் போதவில்லை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. போய்ச் சேர்ந்த உன் அப்பாவும் நடுவில் நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. எழுந்தபோது மனம் லேசாக இருந்தது, ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் கட்டின் அடியில் ஒரு தாள் கிடைத்தது. பக்கத்து ஊர் ஜோசையா பிரைஸின் கையெழுத்து. நில அளவைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டு வருஷமாக எனக்குத் தாள் அனுப்புகிறவர், அதுவரை நேரில் பார்த்தது இரண்டே தடவை. தலைப்பில் ஒழுங்காக 'கான்ஸ்டன்ட்', ஆண்டு 1891. வாக்கியம் இதுதான்: 'எட்டு ஆண்டுகளாக என் மனம் ஓர் அம்மையாரிடம் மாறாமல் நிற்கிறது, அதை அவரிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.' ஆசிரியர் பெயரும் இல்லை, புத்தகமும் இல்லை, பக்கமும் இல்லை. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சிவப்பு மையில் 'நூற்பெயர் விடுபட்டுள்ளது, ஏற்க இயலாது' என்று எழுதித் தபாலில் திருப்பி அனுப்பினாள்! பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு கொட்டும் மழையில் அந்தத் தாளோடு வாசலில் வந்து நின்றார், தொப்பி விளிம்பிலிருந்து சொட்டுகிறது. "புஸ்தகம் எதுவும் இல்லீங்க, அது நானே சொன்னதுங்க" என்றார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. "உள்ள வாங்க, நனையாதீங்க" என்றேன். எதிர்வீட்டு ரொட்டிக்கடை மிஸஸ் பெவன் ஜன்னலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலைக்குள் ஊரெல்லாம் பரப்பினாள். "அம்பத்தெட்டு வயசுல அகராதி படிச்சு புருஷன் புடிச்சவ நீ ஒருத்திதான்டி" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஆகவே எட்வின், நான் அவரை மணக்கப் போகிறேன். போன ஞாயிறு கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தார்கள், இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும், இருபத்தோராம் தேதி கல்யாணம். உன் அப்பாவின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும், பிரைஸ் தன் நாற்காலியைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆகஸ்டிலேயே உனக்கு எழுதியிருக்கலாம். நீ வேண்டாம் என்றால் நான் நின்றுவிடுவேன் என்று பயந்தேன், அதனால்தான் உன் தந்திகூட வந்து சேர முடியாத நாளாகப் பார்த்து எழுதுகிறேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். பாதிரியார் பெயர்களை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அமைதியில் பன்னிரண்டாயிரம் மைல் தாண்டி உன் குரல் மட்டும் வந்துவிடுமோ என்று பெஞ்சுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவை நான் விட்டுவிட்டுப் போகவில்லை கண்ணு. அவர் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டு மயிர் வெட்டும் காலம் நெருங்குகிறதே, ஈரச் சட்டையோடு தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பதில் மட்டும் போட மறந்துவிடாதே. கோபம் இருந்தால் கோபத்தையே எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் உட்கார்ந்து படிக்கிறேன், ஆனால் முதல் வரியில் அம்மா என்று எழுதிவிட்டு ஆரம்பி.

இம்மாதம் இருபத்தோராம் தேதி வரை,
மார்த்தா ஹெய்வுட்