மேடைக்கு முன்பே தீர்ந்த பாட்டு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால், எனக்கு வாய், மற்றபடி குறையில்லை என்று அவளே எழுதச் சொல்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஒன்றும் தெரியவில்லை, விழாவுக்கு முன்னால் பேசியதோடு உன் போன் நின்றுவிட்டது. கோபமென்றால் வைத்துக்கொள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாடகர் குழுவின் விழா முடிந்துவிட்டது. ஆசிரியை வேலை முடிந்து வருவதற்குள் எல்லார் குரலையும் பதப்படுத்தி வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது உனக்குத் தெரியும். வாயை மூடி 'ம்ம்' என்று இழுக்க வேண்டுமாம், உதட்டைப் படபடவென்று அடிக்க வேண்டுமாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டுமாம். வயது வந்தவர்களை வட்டமாக நிற்கவைத்து, குழந்தை கார் ஓட்டுவதுபோல் புர்ர் என்று செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் யாரிடமும் போய்ப் பாட்டுக் கற்றவனில்லை, பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி வந்த குரல் இது. அதனால் எடுத்த எடுப்பிலேயே முழுக்குரலில் பாடவைத்தேன். நீ போனில் "மெதுவா ஆரம்பிங்கப்பா, தொண்டை தாங்காது" என்றாய். எனக்குப் பாடம் நடத்தாதே என்று போனை வைத்துவிட்டேன்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கிவைக்கும் அறையை எங்களுக்கு விட்டார்கள். அங்கே பாடினார்கள் பார், சுவரில் சாய்த்திருந்த ஏணி அதிர்ந்தது. தையல்கடை அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகப் பாடப்போகிறவர், உச்சத்தை அப்படியே தொட்டார். இன்னொரு தடவை என்றேன். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை என்றேன், கேட்கும் ஆசைதான், வேறென்ன. மேடையில் அதே இடத்தில் அவர் குரல் உடைந்து வெறும் காற்றாக வந்தது. முதல் வரிசையில் அவருடைய தம்பி குடும்பம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் பாடிய நல்ல பாட்டைப் பின்னறையில் அடுக்கியிருந்த நாற்காலிகள்தான் கேட்டன.

ஒலிபெருக்கி சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த அம்மா பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கவெல்லாம் எனக்கு வராது, ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போய் நீளத்தைக் குறைத்துத் தரச் சொன்னேன். அளந்து பார்த்துவிட்டு "இது சரியாத்தானேண்ணே இருக்கு" என்றார். பரவாயில்லை, குறையுங்கள் என்றேன். "குறைக்க வேண்டியது கால்சட்டைய இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். இப்போது அது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, "எங்க, வெள்ளத்துல எறங்கப் போறீங்களா?" என்று உன் அம்மா தினமும் கேட்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் வருகிறார். ஆனால் நான் முடிக்கும்வரை வெளியே நடையிலேயே நின்று, ஆசிரியை வந்ததும் அவரோடு சேர்ந்துதான் உள்ளே வருகிறார். அது எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. இப்போது 'ம்ம்' என்றுதான் ஆரம்பிக்கிறேன், புர்ர் கூடச் செய்கிறேன், நீ சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. கதவை மட்டும் சாத்துவதில்லை. போன வியாழக்கிழமை எங்கள் சத்தத்தோடு நடைப்பக்கமிருந்து இன்னொரு குரலும் மெல்லச் சேர்ந்ததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றலாம் என்று கை தானாக எழுந்தது. ஏற்றவில்லை. ஆசிரியை வரும்வரை அதே சுரத்தில் நிறுத்திவைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை.

அங்கே குளிர் என்கிறார்கள், காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் வாயிலும் வேறு வார்த்தையில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய். நீ பேசி முடிக்கும்வரை வைக்கமாட்டேன்.

கணுக்கால் தெரிய நிற்கும்
உன் அப்பா