ஐந்தாம் நாள் எந்தக் கிழமை

ஜன. 4, ஞாயிறு

காலையில் பனி. ஸ்கூட்டர் சீட்டில் அனல்மின் நிலையத்தின் வழக்கமான சாம்பல் தூசி, ஈரத்தில் குழைந்து.

கிறிஸ்தவர்களுக்குப் பொங்கல் இல்லை. ஆதாரம்: பாஸ்டர் எபிநேசர், பிரசங்க மேடை, காலை 10.40. ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தேன், நேரில் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆமென். தெரிந்த குரல். என் மனைவி கிரேஸ். (இனி கி.)

காரணம்: பொங்கல் சூரியனுக்கு. சூரியனை வணங்குவது புறஜாதியார் வழக்கம். டிசம்பரில் கிறிஸ்மஸுக்கும் இதையே சொன்னார். அந்தத் தேதியே ரோமாக்காரர்களின் சூரியத் திருவிழாவாம். இரண்டாவது ஆதாரம் கேட்டேன், கைப்பேசியைக் காட்டினார். எங்கள் வீட்டு நட்சத்திரம் அன்று பரணில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

இதில் சிக்கல்: மகள் ஜெனிக்கு இது தலைப்பொங்கல். கல்யாணமாகி நாலு மாதம். காடாம்புலியூரில் முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பம், இந்துக்கள். மாப்பிள்ளை சரவணன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பெண் வீட்டிலிருந்து பொங்கல் சீர் போயாக வேண்டும். போகாவிட்டால் அவள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கி.: "சூரியனுக்கு வைக்கிற பொங்கலுக்கு நான் பானை வாங்கித் தரணுமா?"

"பானைதானே வாங்கப் போறோம். சூரியனையா வாங்கப் போறோம்?"

மதியம் உப்புமா.


ஜன. 5, திங்கள்

வெயில். மருந்துக்கடை (பி.பி. மாத்திரை). வடலூர், தைப்பூச ஏற்பாடுகள் பற்றிய கூட்டம். பத்திரிகைக்கு நாலு பத்தி அனுப்பினேன், இரண்டு வரும்.

ஜெனி போன். "அப்பா, எப்ப வர்றீங்க? பக்கத்து வூட்டு மருமவளுக்கு நேத்தே சீர் வந்துடுச்சு. எல்லாரும் என்னையே பாத்துகினு இருக்காங்க."

நாலு மாதத்தில் 'கினு' ஏறிவிட்டது. டவுன்ஷிப் ஸ்கூலில் படித்த பெண்.

"உங்க அத்தை என்ன சொல்றாங்க?"

"சீரெல்லாம் எதுக்கும்மா, அவங்க வந்து ஒரு வாய் சாப்ட்டா போதும்னாங்க."

எத்தனையோ பேட்டி எடுத்தவன் நான். இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியும். எதிர்பார்ப்பு உச்சத்தில் இருக்கிறது.

கி.யிடம் சொன்னேன். பாட்டு பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். பாத்திரங்களின் சத்தம் பாட்டை விடப் பெரிதாக இருந்தது.

நியாயமாக எழுதவேண்டும். கி.க்கு ஆபரேஷன் நடந்தபோது தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பாஸ்டர். மழையில் குடை இல்லாமல் வந்தார். அவர் சொல்லை அவள் தட்டமாட்டாள். தட்டவேண்டும் என்று நான் சொல்லவும் முடியாது.


ஜன. 6, செவ்வாய்

டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கும் சபைக்குப் போனேன். விதிவிலக்கு கேட்கத்தான். பாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பாஸ்டரம்மா டீ. சர்க்கரை அதிகம்.

"பிரதர், மகளுக்காக வருத்தப்படறீங்க, புரியுது. ஆனா சூரியனுக்கு ஆராதனை நடக்கிற இடத்துக்கு நம்ம கையால எப்படிக் கொடுக்கிறது?"

அவர் தலைக்கு மேல் போர்டு. நீல பெயின்ட், வெள்ளை எழுத்து. 'ஞாயிறு ஆராதனை. காலை 9.00.'

கேட்டிருக்கக் கூடாது. தொழில் புத்தி.

"பாஸ்டர், ஞாயிறுன்னா என்னங்க?"

"சண்டே."

"அதில்லீங்க. அந்தத் தமிழ் வார்த்தைக்கு."

யோசித்தார். மெதுவாகத் திரும்பி போர்டைப் பார்த்தார். எழுந்து நின்று மறுபடி பார்த்தார். உள்ளே இருந்து பாஸ்டரம்மா ஒரு சத்தம். சிரிப்பா இருமலா என்று உறுதிசெய்ய முடியவில்லை.

"இதுக்கு ஜெபிக்கணும் பிரதர்," என்றார்.

அவரும் சிரிப்பார், சமாதானமாகிவிடும், சீருக்கு வழி பிறக்கும் என்று நினைத்தேன். என் கணிப்புகளில் மோசமானது இதுதான்.


ஜன. 7, புதன்

இந்தத் தலைப்பில் கிழமை எழுதுவதே இன்றிலிருந்து குற்றம்.

சபை வாட்ஸப் குழு, காலை 6.15. பாஸ்டரின் அறிவிப்பு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லாம் கிரகங்களின் பெயர்கள். அவற்றை வணங்கியவர்கள் வைத்தவை. இனி சபையில் முதலாம் நாள், இரண்டாம் நாள் என்றே சொல்லவேண்டும். ஆறாம் நாள் உபவாச ஜெபம் வழக்கம்போல் நடக்கும்.

கீழே முப்பது கைகூப்பு.

போர்டில் 'ஞாயிறு' மேல் நீல பெயின்ட் அடித்தாகிவிட்டது. இப்போது வெறும் 'ஆராதனை. காலை 9.00.' தினமும் என்று அர்த்தமாகிறது.

கி. என்னைப் பார்த்தாள். "இத யாரு போயி கெளப்பிவிட்டது?"

"தகவல் தந்தவர் பெயரை வெளியிட விரும்பவில்லை."

"நேத்து நீங்கதான அங்க டீ குடிச்சீங்க?"

இரவுச் சாப்பாடு பற்றிக் குறிப்பு இல்லை.


ஜன. 8, வியாழன்

மேகம். பேட்டரி சரிபார்க்க ஸ்கூட்டரை விட்டேன்.

கடைவீதியில் செல்வராஜ் பிடித்துக்கொண்டார். மைன்ஸ் ஆப்பரேட்டர், சபையில் கித்தார் வாசிப்பவர்.

"சார், எனக்கு நாளைக்கு செகண்ட் ஷிப்ட். நாளைக்கு அஞ்சாம் நாளா, ஆறாம் நாளா?"

"எதிலேர்ந்து எண்றீங்க?"

"வாரம் திங்கக்கெழமதான சார் ஆரம்பிக்குது?"

"காலண்டர்ல ஞாயிறு முதல்ல இருக்கே?"

"அப்ப எனக்கு ஆறாம் நாள் செகண்ட் ஷிப்ட்டு, ஏழாம் நாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. ஆறாம் நாள் ஜெபத்துக்கு ஷிப்ட் மாத்திக் குடுங்கன்னு எங்க இன்சார்ஜ்கிட்ட சொன்னா, 'யோவ், நம்பர் சொல்லாத, கிழமையச் சொல்லு'ங்கிறாரு."

குழுவில் யாரோ இதே கேள்வியைப் போட்டிருந்தார்கள். பாஸ்டரின் பதில்: 'வாரத்தின் முதல் நாளிலிருந்து எண்ணவும்.'

தெளிவான விளக்கம்.


ஜன. 9, வெள்ளி

உபவாச ஜெபம். வந்தவர்கள் ஒன்பது பேர், பாஸ்டர் நீங்கலாக. கி. வரவில்லை, டூட்டி என்றாள். டவுன்ஷிப் ஆபீஸில் டூட்டி சார்ட் போடுவதே அவள்தான். அவள் சார்ட்டில் திங்கள்தான் 1.


ஜன. 10, சனி

உபவாச ஜெபத்துக்கு மீதிப் பேர் இன்று வந்தார்கள், கி. உட்பட. சபை பூட்டியிருந்தது. பாஸ்டர் வடலூருக்கு அரிசி வாங்கப் போயிருந்தார். பாஸ்டரம்மா கதவைத் திறந்து, எல்லோருக்கும் கஞ்சி வைத்திருப்பதாகச் சொன்னாராம். நேற்று ஊரில் இல்லாத அவரும் இன்றுதான் ஆறாம் நாள் என்று எண்ணியிருக்கிறார்.

ஜெனி மூன்று முறை போன். எடுத்தது இரண்டு.


ஜன. 11, ஞாயிறு

எல்லோரும் சரியாக வந்துவிட்டார்கள். பெயரில்லாவிட்டாலும் கால்களுக்குத் தெரிகிறது.

ஆராதனை முடிந்து கி. பாஸ்டரிடம் நேராகக் கேட்டாள். நான் இரண்டடி தள்ளி, செருப்பு மாட்டுகிற சாக்கில்.

"பாஸ்டர், பொண்ணு அழுவுறா. போய்ப் பாத்துட்டாவது வரட்டுமா?"

அவர் முகம் இளகியது. நல்ல மனிதர். சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"போங்க சிஸ்டர். பிள்ளையைப் பாக்கிறதுல தப்பில்ல. ஆனா ஐந்தாம் நாள் மட்டும் போகாதீங்க. ஆறாம் நாள் போங்க."

அவர் கணக்கில் ஐந்தாம் நாள் வியாழன். பொங்கல். ஆறாம் நாள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். சீருக்கு மரியாதை இருக்காது.

கி. தலையாட்டினாள்.


ஜன. 12, திங்கள்

பனி மூட்டம். மின்தடை ஒரு மணி நேரம். மின்சாரம் தயாரிக்கிற இந்த ஊரில் இதைச் செய்தியாக எழுதலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஜெனி ஒரு படம் அனுப்பினாள், கி.யின் போனுக்கு. காடாம்புலியூர் வீடு, வாசலில் பொங்கலுக்குச் சாணம் மெழுகியிருக்கிறது. மேலே, மாட்டுக்கொட்டகைக் கூரை வளையில், சிவப்புக் காகித நட்சத்திரம். கிறிஸ்மஸுக்கு மருமகள் ஏங்கிப்போவாளே என்று சம்பந்தியம்மா அஞ்சலை பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்து கட்டியது. இன்னும் கழற்றவில்லை.

கூடவே குரல் பதிவு. சம்பந்தியம்மாவின் குரல், தூரத்திலிருந்து: "அதுல கைய வெக்காதடா சரவணா! மருமவ சாமியோட நச்சத்திரம். பொங்கலு முடியட்டும், அதுவும் பாத்துட்டுப் போவட்டும்."

கி. இதை நான்கு முறை போட்டுக் கேட்டாள். பிறகு பரணைப் பார்த்தாள். எங்கள் நட்சத்திரம் அட்டைப்பெட்டிக்குள்.


ஜன. 13, செவ்வாய்

குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. கி. ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தாள். கையில் பெரிய பை. கேட்கவில்லை. பை தரையில் வைத்தபோது வெண்கலச் சத்தம்.


ஜன. 14, புதன்

மாலை 5.30. கி. டூட்டி சார்ட்டை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தாள்.

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"ஐந்தாம் நாள் போகக் கூடாதுன்னார்."

"இதுல அஞ்சு எது?"

பார்த்தேன். 1 திங்கள். 5 வெள்ளி.

"நாளைக்கு?"

"நாலு."

"நாலாம் நாள் போகக் கூடாதுன்னு சொன்னாரா?"

"சொல்லவில்லை. நேரில் கேட்டேன்."

"அப்ப கெளம்பற வழியப் பாருங்க. ஆட்டோ சொல்லிட்டேன்."

இருபத்தேழு வருடக் குடும்பத்தில் இவள் இவ்வளவு கவனமாகக் கீழ்ப்படிந்து பார்த்ததில்லை.

எடுத்துவைத்தவை, அவள் சொன்ன தலைப்புகளின்படி:

வெண்கலப் பானை – பாத்திரம். (பொங்கல் பானை அல்ல.)
பச்சரிசி, வெல்லம் – மளிகை.
மஞ்சள் கொத்து – காய்கறி. பரங்கிக்காயோடு ஒரே பையில்.
புடவை, வேட்டி – பிறந்தநாளுக்கு. யாருடைய பிறந்தநாள் என்று விசாரிக்கவில்லை.
பன்னீர்க் கரும்பு ஒரு கட்டு – தலைப்பு கிடைக்கவில்லை. கடைசியில், "கரும்புதான், விடுங்க."


ஜன. 15, வியாழன் (4)

நல்ல வெயில். காலை 7.40 புறப்பாடு.

ஆட்டோவில் கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. சபையைத் தாண்டித்தான் போகவேண்டும். கி. முந்தானையை எடுத்துக் கரும்பின் தோகையை மூடினாள். முக்கால்வாசி வெளியே தெரிந்தது. சபைப் படியில் பாஸ்டரம்மா மட்டும். எங்களைப் பார்த்தார். கரும்பைப் பார்த்தார். கையைத் தூக்கினார். கி.யும் தூக்கினாள். ஆட்டோ நிற்கவில்லை.

காடாம்புலியூர் 8.30. தெருவே வெளியே வந்து நின்றது. ஜெனி ஓடிவந்தாள், வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொள்ளும் முன் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பானை தெரிந்தது. அப்புறம்தான் அழுதாள்.

சம்பந்தியம்மா: "வாங்க, வாங்க. இன்னும் அடுப்புல ஏத்தல. உங்களுக்காவத்தான் குந்திகினு இருக்கோம். நல்ல நேரம் போவுது, போவுதுன்னு இந்த மனுசன் ஒரே கூச்சல்."

சம்பந்தி: "நான் எங்கடி கூவினேன்? மணிதான கேட்டேன்."

கொண்டுபோன பானையே அடுப்பில் ஏறியது. கி. தள்ளி, மாட்டுக்கொட்டகை ஓரம், நட்சத்திரத்துக்குக் கீழே நின்றுகொண்டாள். வெறும் பார்வையாளர் என்பது ஏற்பாடு. கண் மட்டும் பானைமேல்.

9.20. பால் நுரைத்து எழுந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. விழவில்லை. ஜெனியின் தலைப்பொங்கல், எந்தப் பக்கம் வழிகிறது என்பது அந்தத் தெருவில் பல நாள் பேச்சு. கி. இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முணுமுணுப்பது கேட்டது.

பொங்கி வழிந்தது.

எல்லோரும் வாய் திறப்பதற்குள் கி. பெருங்குரலில், "ஸ்தோத்திரம்!"

கன்றுக்குட்டிகூடத் திரும்பிப் பார்த்தது. பிறகு சம்பந்தியம்மா, விருந்தாளி எடுத்துக்கொடுத்ததை விட்டுவிடக் கூடாது என்பதுபோல, அதே சத்தத்தில், "தோத்தரம்!" பின்னால் தெருவே, "தோத்தரம்!" அப்புறம்தான், "பொங்கலோ பொங்கல்!"

சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார், கிழக்கே. கி. கண்ணை மூடினாள், மேற்கே திரும்பி. வெயில் இரண்டு பேர் மேலும் ஒன்றாகத்தான் அடித்தது.

சாப்பாடு பற்றி: கி. சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை வாங்கினாள். முதல் முறை, "படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததா?" என்று கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

கிளம்பும்போது சம்பந்தியம்மா ஒரு முந்திரிப் பொட்டலம். "இது உங்க பாஸ்டரய்யாவுக்கு. கல்யாணத்துல எங்க பையனுக்கும் சேத்துதான ஜெபம் பண்ணாரு."

கி. தயங்கினாள். "சூரியனுக்குப் படைச்சதா சம்பந்தி?"

"இல்லீங்க. வெயில்ல காயவெச்சது, அவ்ளோதான். வேற ஒட்டு ஒறவு இல்ல."


ஜன. 16, வெள்ளி (5)

வீட்டிலேயே இருந்தோம். கீழ்ப்படிதல்.

11 மணி, பாஸ்டரம்மா போன். கி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டர், நேத்து ஆட்டோல போனது பன்னீர்க் கரும்பா? எங்க கெடச்சுது? எங்க வீட்ல நாலு வருஷமா கரும்பே கடிக்கல."

மாலையில் கெட்ட செய்தி. சரவணன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வீடியோ. பானை, நட்சத்திரம், கி.யின் "ஸ்தோத்திரம்" தெளிவான ஒலியில். செல்வராஜ் பார்த்திருக்கிறார், மைன்ஸில் இருவரும் ஒரே ஷிப்ட். சபைக் குழுவில் போட்டுவிட்டார், 'நம்ம சிஸ்டரின் சாட்சி' என்ற தலைப்போடு. நல்ல எண்ணத்தில்தான்.

முப்பது கைகூப்பு. பாஸ்டரிடமிருந்து ஒன்றும் இல்லை.


ஜன. 17, சனி (6, அல்லது 7)

காலையில் பனி. சாம்பல். முந்திரிப் பொட்டலம் மேஜைமேல், பிரிக்காமல்.

10.05: பாஸ்டரின் செய்தி, கி.க்குத் தனியாக. 'வீடியோ பார்த்தேன் சிஸ்டர். முதலாம் நாள் காலை 8 மணிக்கு இருவரும் வந்து என்னைப் பாருங்கள்.' கோபமா இல்லையா என்று வாசகத்திலிருந்து தெரியவில்லை. மூன்று முறை படித்தேன்.

கி. பயந்திருப்பாள் என்று பார்த்தேன். பொறுமையாக, ஒற்றை விரலால் பதில் அடித்தாள்: 'கண்டிப்பா வர்றோம் பாஸ்டர். முந்திரி இருக்கு. முதலாம் நாள்னா ஞாயிறா, திங்களா?'

இரண்டு நீல டிக் விழுந்தன. 10.12க்கு 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது, நின்றது. 10.20க்கு மறுபடி. நின்றது. இப்போது மணி 12.

கி. பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கித் தூசு தட்டுகிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா காயட்டும்," என்று வாசலில் வெயிலில் வைத்தாள்.

பாஸ்டரின் பதில் இந்த வரி எழுதும்வரை வரவில்லை. நாளை காலை எட்டு மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. ஒற்றை வார்த்தை போதும்.