வாசிக்காமல் விட்ட மழை அட்டவணை

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ போய் எட்டு மாதமாகிறது, இதுவரை எழுதவுமில்லை. இன்று காலை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் மேசைக்கு வந்த ஸ்கான் பிரதியைத் திறந்ததும் உன்னிடம் பேசத் தோன்றியது. கோணலான பக்கங்கள், ஓரத்தில் யாரோ ஒருவரின் பெருவிரல். பார்வையற்ற மாணவி ஒருத்தியின் கணினியால் அதை வாசிக்க முடியவில்லை. அதற்கு அது எழுத்தல்ல, வெறும் படம். அதனால் முழுவதையும் தட்டச்சு செய்கிறேன்.

அந்தக் காலத்தில், பார்வையில்லாத உனக்கு நான்தான் கணினி. விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புவியியல் குறிப்புகளின் போட்டோகொப்பியைக் கசெட்டில் வாசித்துப் பதிவேன். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைக் கலஹா பஸ்ஸில் உன் வீடிருந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவாய். "ஒன் யாழ்ப்பாணத் தமிழுக்கு அர்த்தம் சொல்ல இன்னொரு கெசட்டு வேணும்டி" என்பாய்.

இரண்டாம் ஆண்டில் அந்த மழைவீழ்ச்சி அட்டவணை வந்தது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை. ஒவ்வோர் ஊருக்கும் வரிசையாக எண்கள். போர்க்காலம் அது; அந்த வாரம்தான் இராணுவச் சோதனைச்சாவடியில் ஒரு மாணவனின் கசெட்டைப் போட்டுக் கேட்டிருந்தார்கள். ஒரு தமிழ்க் குரல் வடக்கு ஊர்களையும் எண்களையும் சொல்லிக்கொண்டே போனால் அதை மழை என்று யார் நம்புவார்கள்? பிடிபடுவது நீயாகவும் இருக்கும், குரல் என்னுடையதாகவும் இருக்கும். "இந்த இடம் கொப்பியில் தெளிவில்லை" என்று பதிந்துவிட்டுக் கடந்தேன்.

பரீட்சையில் அதிலிருந்தே கேள்வி வந்தது. மண்டபத்துக்கு வெளியே மற்றவர்கள் அந்த எண்களைப் பற்றி வாதாடியதைக் கேட்டபடி நின்றாய். எல்லோரிடமும் இருந்தது அதே கொப்பிதான்; அவர்களுக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் உண்மையைச் சொன்னேன்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? நானும் சேந்து பயந்திருப்பேன்."

கோபத்திலும் என் தோளைப் பிடித்தபடிதான் பஸ்ஸுக்கு நடந்தாய். ஏறுமுன் சொன்னாய்: "எத விட்டாலும் விட்டேன்னு சொல்லு. பெறகு என்னா செய்யிறதுன்னு நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பாடத்தில் உனக்கு வெறும் தேர்ச்சியான சாதாரண சித்திதான் கிடைத்தது. மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. அடுத்த பாடத்தின் குறிப்புகளையும் என்னிடமே நீட்டினாய்.

இன்றைய பிரதியில் இரண்டு எண்கள் மங்கியிருந்தன. அந்த இடத்தில், "இவ்விரு எண்களையும் என்னால் வாசிக்க முடியவில்லை" என்று தட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "மிஸ், மற்ற எண்களப் பார்த்து ஒரு கணக்குக்குப் போட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"கேக்கப்போற அவவுக்குத் தெரியவேணும்" என்றேன்.